முதுமைக்கு உரிய ஊர் எது?

கடல் கடந்து பொருளீட்டப் போன மனிதன் தன் முதுமையை எங்கே கழித்தல் வேண்டும்? பிறந்த மண்ணுக்குத் திரும்பி அங்கே கண்மூடுவது அவன் கடமையா? உழைத்த மண்ணிலேயே தங்கிவிட்டால் அவன் நன்றி மறந்தவனாவானா? மலாய் நாட்டுத் தமிழரிடையே நூறாண்டுகளுக்கு மேலாக இக்கேள்வி உலவி வருகிறது. தோட்டத்து லயத்தில் விளக்கணைந்த பின் கணவனும் மனைவியும் தமக்குள் இதனைக் கேட்டுக்கொண்டனர். பட்டணத்துக் கடைக்காரர் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது கேட்டுக்கொண்டார். இன்று மலாக்காவிற் பிறந்து சிங்கப்பூரிலும் அதற்கப்பாலும் வேலை பார்க்கும் அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்கின்றனர். ஆனால் அவர்கள் 'ஊர்' என்று சொல்லும்போது மலாக்காவையே கருதுகின்றனர். கேள்வி பழையது. எனினும் அதற்கு நேர் நின்று விடை கண்டவர் சிலரே. பலர் விடையைத் தள்ளிப்போட்டனர். அவ்வாறு தள்ளிப்போட்டதால் விளைந்தது யாது என்பதை அன்பர்கள் எம்முடன் சிறிது ஆராய வேண்டுகிறோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் சீனச் செல்வர் மலாக்காவைச் சார்ந்த புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாய் நாட்டில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து அவர் புக்கிட் ஆசகானில் தொடங்கிய தோட்டம் ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது. காடு அழிந்தது, கித்தா மரம் வரிசை வரிசையாக எழுந்தது. மரத்தை நட்டால் போதுமா? விடியுமுன் எழுந்து பட்டை சீவிப் பாலெடுக்கக் கைகள் வேண்டும். அக்கைகளைத் தேடிக் கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றனர். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களின் வழியாக ஆயிரமாயிரம் பேர் கப்பலேறினர்.

1907-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் ஆள் கணக்குப்படி பணம் செலுத்துவர். அப்பணத்தால் புதிய ஆட்களுக்குக் கப்பற் செலவு கொடுக்கப்படும். முதுமையாலோ நோயாலோ வேலைக்கு உதவாதவரைத் திருப்பியனுப்பும் செலவும் அந்நிதியைச் சார்ந்ததே. இதன் பொருளை நன்கு சிந்திக்க வேண்டும். இளமையை இறக்குமதி செய்து முதுமையை ஏற்றுமதி செய்யும் வாணிகம் அன்றோ இது! ஒருவனைப் பெற்று வளர்த்த செலவு தமிழ்நாட்டுச் சிற்றூரைச் சேர்ந்தது. அவன் கிழவனான பின் காக்கும் செலவும் அச்சிற்றூரையே சேர்ந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள உழைப்பு மட்டும் தோட்டத்தைச் சேர்ந்தது. 1930-ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார நெருக்கடி தோன்றி ரப்பர் விலை வீழ்ந்தபோது, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இலட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் ஆள் பிடிக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிச் செலவில் தொழிலாளர் வருவதைத் தடுத்த பின்னரே இப்போக்குவரத்து நின்றது.

ஆகவே, 'என்றேனும் ஊருக்குத் திரும்புவோம்' என்னும் எண்ணம் தொழிலாளியின் உள்ளத்தில் மட்டும் விளைந்ததன்று. அது மற்றவர்க்கும் பெருவசதியாக இருந்தது. திரும்பப் போகிறவனுக்குச் சொந்த வீடு எதற்கு? திரும்பப் போகிறவன் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக்கு மேற் பள்ளிக்கூடம் எதற்கு? திரும்பப் போகிறவனுக்கு நிலமும் வாக்குரிமையும் எதற்கு? ஏழையின் உள்ளத்து ஆசையே அவனுக்கு ஒன்றும் கொடாதிருப்பதற்கு நியாயமாகப் பயன்பட்டது.

நிற்க. திரும்பும் ஆசையை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. அவ்வாசையில் மேன்மை உண்டு. 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி அளவிடப்பட்டிருந்த காலத்தில், அதிலும் மிச்சம் பிடித்துத் தாய்க்குப் பணம் அனுப்பியவர் பலர். துரையின் வசைமொழியையும் கிராணியின் அதட்டலையும் கேட்டுக்கொண்டிருந்தவன், 'நான் என்றும் கூலி அல்லேன். எனக்கு ஓர் ஊருண்டு, பெயருண்டு, பங்காளிகள் உண்டு' என்று நினைந்தே நிமிர்ந்து நடந்தான். அந்நினைவு இல்லையேல் அவன் உள்ளம் ஒடிந்திருக்கும். பெற்றோரைப் புதைத்த மண்ணில் தானும் அடங்க வேண்டுமென்னும் விருப்பம் இயற்கையானது. அதனை மூடத்தனம் என்று தள்ளுவார் மனித உள்ளத்தை அறியாதவர்.

ஆயினும் அவ்விருப்பத்திலுள்ள ஒரு மயக்கத்தை எடுத்துக் காட்டுதல் எமது கடமை. ஊர் என்பது ஓரிடம் மட்டுமா? அஃது ஒரு காலமும் ஆகும். இருபது வயதில் விட்டுவந்த ஊரில் உடன் ஆடியவர் இருந்தனர், கண்டித்தவர் இருந்தனர், பெயர் சொல்லி அழைத்தவர் இருந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவன் இடத்துக்குத் திரும்பலாம். காலத்துக்குத் திரும்புதல் இயலாது. குளம் இருக்கும், குளக்கரையில் தன்னை அறிந்தவர் இரார். பெட்டியில் உள்ளது தீரும் வரை உறவினர் 'மலாயாக்காரர்' என்று சூழ்ந்து நிற்பர். தீர்ந்த பின் அதே சொல் ஏளனமாகிவிடும்.

மற்றொன்றும் உண்டு. தோட்டத்திற் சாதி ஒழிந்துவிட்டதென்று நாம் கூறமாட்டோம். தனி லயமும் தனிக் கிணறும் இங்கும் இருந்தன. எனினும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே வேலை செய்து, ஒரே கூலி பெற்றதால் அதன் பிடி ஓரளவு தளர்ந்தது. பட்டணத்துக் காப்பிக் கடையில் யார் அருகில் யார் அமர்வது என்று கேட்பாரில்லை. இவ்வாறு ஒரு தலைமுறை நிமிர்ந்து பழகிய மனிதன் தன் ஊர் எல்லையை மிதித்ததும், சேரிக்குப் போகும் பாதை வேறு, தேநீர்க் குவளை வேறு என்று காட்டப்பட்டால், அவன் எதற்குத் திரும்பினான்? தாயகம் என்று அவன் நெஞ்சில் வைத்துப் போற்றிய ஊர், அவனை மகனாக ஏற்கவில்லை. பிறந்த மண்ணுக்குக் கடமை உண்டென்று நமக்கு உபதேசிப்போர், அம்மண்ணுக்கும் திரும்புகிறவனிடத்தில் ஒரு கடமை உண்டென்பதைச் சேர்த்தே உபதேசித்தல் வேண்டும்.

இலங்கையின் செய்தி இதனை இன்னும் தெளிவாக்கும். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மலையகத் தோட்டங்களைச் சார்ந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இவர்களிற் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணாற் கண்டறியாதவர்கள். ஆயினும் 'தாயகம் திரும்பியோர்' என்று ஏட்டில் எழுதப்பட்டனர். நீலகிரியில் அரசாங்கத்தார் இவர்களுக்கெனத் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தனர். மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். சுற்றியிருந்தோர் இவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் இலங்கையர்! தாயகம் என்பது ஏட்டிலும் ஒப்பந்தத்திலும் மட்டும் இருந்தால் அது மனிதனுக்குப் புகலிடமாகாது.

இனி நம் நாட்டுக்கே வருவோம். இங்கே மிகுந்த தீமை விளைவித்தது எது? திரும்பிப் போனவர் ஒரு வழி கண்டனர். தங்கியவரும் ஒரு வழி கண்டனர். 'அடுத்த ஆண்டு போய்விடலாம்' என்று சொல்லிக்கொண்டே முப்பது ஆண்டு கழித்தவர் இரு வழியும் இழந்தனர். 1942-ஆம் ஆண்டில் சப்பானியர் வந்தபோது, அடுத்த ஆண்டுக்கென வைத்த எண்ணங்கள் எத்தனை சயாம் - பர்மா ரயில் பாதையில் புதைந்தன! நாளை என்பது நம் கையில் உள்ள பொருளன்று என்று அக்காலம் கற்பித்தது, கற்றவர் சிலரே.

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் மலாக்காத் திடலில் நின்று சுதந்திரம் வரும் நாளை அறிவித்தார். நம் ஊர்த் திடலிலேயே ஒரு புது நாட்டின் பிறப்பு சொல்லப்பட்டது. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் இந்நாட்டிற் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகனாயிற்று. 1962-இல் அவ்விதி திருத்தப்பட்டுப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. முன்னே பிறந்தவரும் வெளியிற் பிறந்து இங்கு வாழ்ந்தவரும் மனுச் செய்து குடியுரிமை பெறவும் வழி இருந்தது. அவ்வழியே சென்றவர் பலர். 'நான்தான் ஊருக்குப் போகப் போகிறேனே, எனக்கெதற்கு இந்தக் காகிதம்?' என்று வாளா இருந்தவரும் பலர். எழுத்தறியாமையும், மனு எழுதித் தருவார் இல்லாமையும், அலைச்சலுக்கு அஞ்சி ஒருநாட் கூலியை இழக்க மாட்டாமையும் உடன் சேர்ந்தன.

1968-ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்ற சட்டம் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர் திகைத்தனர். 1969-க்குப் பின் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். அவர்கள் ஆண்டாண்டாக விரும்பியதும் திரும்புதலே, நேர்ந்ததும் திரும்புதலே. ஆனால் இரண்டும் ஒன்றாகுமா? மாலையிட்டு வழியனுப்பப் போவது ஒன்று. வேலைச் சீட்டு இல்லையென்று போவது வேறொன்று. தானே தெரிந்துகொள்ளாதவனுக்காக மற்றவர் தெரிந்துகொள்வர். இதுவே தள்ளிப்போடுதலின் தண்டனை.

இதனைப் படித்துவிட்டு, 'எல்லாம் தொழிலாளியின் குற்றம்' என்று யாரேனும் முடிவு கட்டினால் அது பெரும் பிழையாகும். லயம் யாருடையது? தோட்டத்தினுடையது. மரம் வெட்டக் கையிற் பலம் உள்ள வரையில் அவன் அதில் இருக்கலாம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பது ஆண்டு குடியிருந்த அறை, முற்றத்தில் தானே நட்ட முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் ஒரு நோட்டீசில் அயலாருடையவையாகும். 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது பெரிய நன்மையே. 55 வயதில் கைக்கு ஒரு தொகை வந்தது. ஆனால் குறைந்த கூலியிற் பிடித்த சேமநிதி குறைந்ததாகத்தானே இருக்கும்! கையிற் சிறு தொகை, தலைக்குமேல் கூரை இல்லை என்ற நிலையில் நிற்கும் கிழவன், 'ஊருக்குப் போகிறேன்' என்று சொன்னால், அது தாய்நாட்டுப் பற்றா, போக்கிடமின்மையா? ஒருவனுடைய இளமை முழுவதையும் வாங்கிக்கொண்டு, அவன் முதுமைக்கு ஒரு திண்ணையும் தராத இடம், 'இவன் ஏன் இந்நாட்டைத் தன் நாடாகக் கருதவில்லை?' என்று கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறது.

இதனை உணர்ந்து செயல் செய்தவரும் உண்டு. 1950-களில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுப் போகத் தொடங்கினர். வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். வேலையோடு குடியிருப்பையும் இழந்து தொழிலாளர் தெருவில் நின்றனர். அப்போது துன் சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அது வாங்கிய முதல் தோட்டம். பால் மரம் வெட்டியவனே மரத்தில் ஒரு பங்குக்கு உடையவனானான். தொகை சிறிது; அதன் கருத்துப் பெரிது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தொழிலாளி வாய்விட்டுச் சொன்ன சொல் அந்தப் பத்து வெள்ளி.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'தங்கிவிட்டவர் தம் மொழியும் மரபும் இழந்து கரைந்துபோவாரன்றோ? மலாக்காச் செட்டிகளைப் பாரீர்!' என்பர். பார்ப்போம். மலாக்கா சுல்தான்கள் ஆண்ட பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வாணிகத்துக்கு வந்த தமிழ் வணிகர் இங்கேயே மணம் புரிந்து தங்கினர். அவர் வழியினர் இன்றும் காஜா பெராங்கில் வாழ்கின்றனர். வீட்டில் அவர் பேசுவது மலாய். ஆயினும் 1781-ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை அவர்கள் காத்து வந்துள்ளனர். முன்னோர்க்குப் படையலிடும் வழக்கத்தையும் விடவில்லை. மொழியை இழந்தது இழப்பே, அதனை மறுக்கமாட்டோம். ஆனால் அவ்விழப்பு, தங்கியதால் வந்ததா? பள்ளியும் ஏடும் புதிய உறவும் இன்றித் தங்கியதால் வந்ததா? அதே மலாக்காவில் பின்வந்த தமிழர் தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளி கண்டு, ஏடு படித்து, மேடையேறித் தமிழைக் காத்துள்ளனர். மொழி காப்பதற்குக் கப்பற் சீட்டு வேண்டுவதில்லை, முயற்சி வேண்டும். மேலும் ஒன்று. மலாக்காச் செட்டியிடம், 'உன் முதுமைக்கு உரிய ஊர் எது?' என்று கேட்டால் அவன் மயங்கமாட்டான். அத்தெளிவு நம்மிற் பலருக்கு இல்லை.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? பழந்தமிழர் வாழ்விலிருந்தே ஒன்றைக் காட்டுவோம். கோப்பெருஞ்சோழன் மைந்தரோடு மூண்ட பகையால் மனம் வெறுத்து அரசு துறந்து வடக்கிருந்தான். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் அவனை ஒருநாளும் கண்டதில்லை. கேள்வியால் மட்டும் நண்பர். அவர் தவறாது வருவார், அவருக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சோழன் கூறினான். கேட்டவர் ஐயுற்றனர். ஆந்தையார் வந்தார், ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து நண்பனோடு உயிர் நீத்தார். 'இத்தனை ஆண்டாகியும் உமக்கு நரை இல்லையே, ஏன்?' என்று வினவியவர்க்கு, மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன், அடக்கமுள்ள ஊர்ச் சான்றோர் என்று காரணம் அடுக்கினார் அவர். அந்த அடுக்கில் ஆறும் மலையும் வயலும் இல்லை, மனிதரே உளர். அத்தகைய ஊரில் வாழ்ந்தவர், தமக்கென இடம் ஒதுக்கிக் காத்திருந்த ஒருவனுக்காக அவ்வூரையும் நீங்கிச் சென்றார்.

நாம் தேடிய விடை இதிலே உளது. எங்கே நமக்கென ஓரிடம் ஒதுக்கி வைத்து, 'இன்னும் வரவில்லையே' என்று ஏங்குவார் உளரோ, அவ்விடமே முதுமைக்கு உரிய ஊர். அஃது ஒருவர்க்கு நாமக்கல்லாக இருக்கலாம். மற்றொருவர்க்கு ஜாசினாகவோ அலோர் காஜாவாகவோ இருக்கலாம். அண்ணன் மகன் ஓர் அறையைப் பெருக்கி வைத்துக் காத்திருப்பானாயின் தாராளமாகப் போகலாம். அப்பயணத்தைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. அங்கே காத்திருப்பார் யாருமின்றி, இங்கே பேரப்பிள்ளை காத்திருக்குமாயின், 'பிறந்த மண்' என்ற சொல்லுக்காக அக்குழந்தையின் கையை உதறிப் போவது கடமையாகாது.

இடம் தானாக ஒதுக்கப்படாது. ஆகவே மூவர்க்கு மூன்று கடமைகள் உள. முதலாவது, உழைப்பவன் கடமை. முடிவை முதுமைக்குத் தள்ளாமல் கையிற் பலமுள்ளபோதே செய்தல் வேண்டும். போவதாயின் ஆண்டுதோறும் உறவை நீரூற்றிக் காத்து, கடிதமும் நேரில் வரவும் பொய்யாது வைத்திருத்தல் வேண்டும். தங்குவதாயின் பத்திரம், வீடு, பிள்ளை படிப்பு இம்மூன்றையும் நாளைக்கு வைத்தலாகாது. இரண்டாவது, பிள்ளைகள் கடமை. இன்று சிங்கப்பூரிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன், 'ஓய்வு பெற்றதும் வந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று தாயிடம் சொல்வானாயின், தன் பாட்டன் சொன்ன 'அடுத்த ஆண்டு' என்ற பழைய வாக்கியத்தையே அவன் சொல்கிறான் என்று உணர்தல் வேண்டும். மூன்றாவது, சமூகத்தின் கடமை. முதிர்ந்த தொழிலாளிக்குச் சொந்தக் கூரை என்பது பிச்சையன்று. அவன் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட பொருள்.

இறுதியாக ஒன்று. கித்தாக் காடுகள் பெரும்பாலும் செம்பனைக் காடுகளாகிவிட்டன. நம்மவர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். அவர் விட்ட இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் இன்று வேலை செய்கின்றனர். அவர்களும் இரவில் தம் ஊரைப் பற்றிப் பேசுகின்றனர். 'அடுத்த ஆண்டு' என்கின்றனர். அவர்களைக் காணும்போது முகஞ்சுளிப்போர் நம்மிலும் உளர். முகஞ்சுளிக்குமுன் தம் பாட்டன் எந்தக் கப்பலில், எந்தப் பெட்டியோடு, என்ன நினைத்து வந்தார் என்று ஒரு கணம் எண்ணுவாராக. நமக்கு இடம் ஒதுக்காதவரை நாம் குறை கூறியது நியாயமாயின், மற்றவர்க்கு நாம் இடம் ஒதுக்குவதும் நியாயமே.